எந்திரத்தின் குரல்வளை

உணவின்றிப் பல நாள் வாழக்கூடிய மனிதன் மூச்சின்றிச் சில நிமிடங்களும் வாழ்தல் அரிது. மோட்டார் எந்திரமும் இவ்வகையில் மனிதனை ஒத்ததே. பெற்றோலைப் பற்றிப் பேசாதார் இல்லை. அதன் விலையைக் கணக்கிடாதாரும் இல்லை. ஆயினும், ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும் என்பதை நினைப்போர் மிகச் சிலரே. அத்துணைக் காற்றும் ஒடுங்கிய ஒரு வாயிலின் வழியாகவே எந்திரத்தினுள் செல்லுகின்றது. அவ்வாயிலின் நடுவே வட்டமான தகடு ஒன்று உண்டு. சாரதி கால்மிதியை அழுத்தும்போது அது திறக்கின்றது. காலை எடுக்கும்போது மூடிக்கொள்ளுகின்றது. கராஜ்களில் ‘திரொட்டில்’ என வழங்கப்படும் இவ்வுறுப்பின் ஆங்கிலப் பெயர், தொண்டையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. எனவே இதனை எந்திரத்தின் குரல்வளை என்று தமிழிற் கூறுதல் மிகப் பொருந்தும்.

இக்குரல்வளையைத் துடைத்துத் தூய்மை செய்தல் அரைமணி நேரத்து வேலை. அதிலே வரலாறு யாது உளது என்று சிலர் வினவக்கூடும். இரண்டு நூற்றாண்டு எந்திரக்கலை வரலாறு அதிலே உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பொருளாதாரத் தடையின் நடுவே தம் வாகனங்களை ஓடச் செய்த வரலாறும் அதனோடு பிணைந்துள்ளது. வட்டுக்கோட்டைப் பகுதியை முன்னிறுத்தி இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் பயன் தரும்.

காற்றையும் ஆவியையும் தகட்டினால் அடக்கும் முறை மோட்டார் காருக்கு முற்பட்டது. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்திற்கு ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினார். சுழலும் இரண்டு குண்டுகள் வேகம் மிகும்போது விரிந்து எழும். அவ்வெழுச்சி நீராவிக் குழாயினுள் இருந்த ஒரு தகட்டைச் சற்றே மூடும். ஆவி குறைய, வேகமும் குறையும். வண்ணத்துப்பூச்சியின் இறகுபோல அச்சிலே திரும்பும் அத்தகடே இன்றைய கார்களின் குரல்வளைத் தகட்டுக்கு மூதாதை.

பின்னர்ப் பெற்றோல் எந்திரம் தோன்றியது. நீராவி எந்திரத்திற்கு இல்லாத ஒரு சிக்கல் அதற்கு இருந்தது. பெற்றோலும் காற்றும் தக்க அளவிற் கலந்தால் மட்டுமே அது நன்றாக எரியும். நிறுவைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்குப் பதினைந்து பங்குக்குச் சற்றுக் குறைந்த காற்று வேண்டும். காற்று மிகுந்தால் எந்திரம் இருமும். பெற்றோல் மிகுந்தால் கரும்புகை கக்கும். இக்கலவையைச் செய்யும் கருவியே காபரேற்றர். 1893ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் வில்லெல்ம் மேபாக் என்னும் பொறியியலாளர், விரைந்து செல்லும் காற்றோட்டத்தில் பெற்றோலை நுண்துளியாகத் தெளிக்கும் காபரேற்றரை அமைத்தார். பன்னீர்ச் செம்பிலிருந்து துளிகள் சிதறுவதைக் கண்டோருக்கு அத்தெளிப்பின் தன்மை விளங்கும்.

இங்கிலாந்தில் ஸ்கின்னர் என்னும் குடும்பத்தார் பாதணி வாணிகம் செய்துவந்தனர். அக்குடும்பத்தவரான ஜோர்ஜ் ஹேர்பட் ஸ்கின்னர் 1905ஆம் ஆண்டில் வேறொரு வகைக் காபரேற்றருக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். எந்திரம் எவ்வளவு காற்றை இழுக்கின்றதோ அதற்கேற்பத் தன் வாயைத் தானே விரித்தும் ஒடுக்கியும் கொள்வது அதன் சிறப்பு. முதலில் அவ்வசைவுக்குத் தோலினால் ஆகிய துருத்தி ஒன்றையே அவர் பயன்படுத்தினார். கொல்லன் உலையிலே காற்றை ஊதும் துருத்தி, மோட்டார் எந்திரத்திலே காற்றை அளக்கும் துருத்தியாயிற்று. தோலின் இடத்தை உலோக உருளை பின்னர்ப் பெற்றது. ‘எஸ்.யூ.’ என்னும் பெயரோடு உலகெங்கும் பரவிய இக்காபரேற்றரைச் செய்த நிறுவனம் 1926ஆம் ஆண்டில் மொறிஸ் நிறுவனத்தாரின் உடைமையாயிற்று. அதன் பயனாக, 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் நெஞ்சிலும் எஸ்.யூ. காபரேற்றரே இடம்பெற்றது.

மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் சொமசெற், ஒஸ்ரின் கேம்பிறிஜ் என்னும் பெயர்களை யாழ்ப்பாணத்து முதியோர் உறவினர் பெயர்களைப் போலவே சொல்லுவர். இவை 1950களில் இலங்கைக்கு மிகுதியாக வந்தன. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் ஓர் உருவே இந்தியாவில் அம்பாசடர் என்ற பெயர் பெற்று 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. ஆதலின் தமிழ்நாட்டாருக்கும் அதன் முகம் புதிதன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977க்குப் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. புதுக் கார் வாராத அந்நாட்களில் இருந்த கார்களைப் பேணுதல் ஒன்றே வழியாயிற்று. வாடகைக் கார்ச் சாரதிகளும் கராஜ்த் தொழிலாளரும் ஒவ்வோர் ஆணியையும் அறிந்தனர். அக்கார்களின் அமைப்பும் அதற்கு இடங்கொடுத்தது. முன்மூடியைத் திறந்தால் காபரேற்றர் கைக்கு எட்டும். சில ஆணிகளைக் கழற்றினால் அது முழுதும் பிரியும். மிதவை அறை, ஊசி, எரிபொருள் சுரக்கும் நுண்துளை, குரல்வளைத் தகடு ஆகிய யாவும் கண்ணுக்குப் புலனாகும்.

கணக்கைக் கண்ணாற் கண்டு தீர்க்கும் மரபு வட்டுக்கோட்டைக்குப் பழையது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் அங்கே ஒரு செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மொழிகளோடு கணிதமும் வானியலும் இயற்கைத் தத்துவமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தை ஒட்டி ஒரு வழக்கு எழுந்தது. அயலூராகிய அராலியில் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாத்திரியாரின் கணக்கும், பூவரின் கணக்கும் கிரகணம் தொடங்கும் நேரத்திலும் அதன் அளவிலும் வேறுபட்டன. இருவருள் எவர் பெரியவர் என்பதை வாதத்தினால் முடிவு செய்யாது, குறித்த இரவில் வானத்தை நோக்கியே முடிவு செய்தனர். பூவரின் கணக்கே பொருந்தியது. அச்செமினரி 1855இல் மூடப்பட்டது; 1872இல் அவ்வூரிலே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. உலகின் முதல் மோட்டார் கார் 1886இலேதான் தோன்றியது. ஆகவே செமினரி மோட்டார்த் தொழிலைக் கற்பித்ததென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், சொன்னதைச் சோதித்துப் பார்த்தே ஏற்றல் என்னும் முறை ஏட்டுக் கல்விக்கு மட்டும் உரியதன்று. காபரேற்றரின் ஆணியைக் கால் சுற்றுத் திருகி, எந்திரத்தின் ஒலியைச் செவிமடுத்து, மீண்டும் கால் சுற்றுத் திருகும் தொழிலாளி கையாளுவதும் அம்முறையே.

அத்தொழிலறிவு எத்துணை வேண்டப்படும் என்பதை 1990ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் புகைவண்டி வருதல் நின்றது, மின்சாரம் அற்றது, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் அடங்கின. மண்ணெண்ணெய் அளவோடு கிடைத்தது; அதுவும் பெருவிலைக்கு. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த சிறு விளக்கிலே மாணவர் படித்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்னோட்டத்தினால் வானொலிச் செய்தி கேட்டனர். வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. பாம்பு கடித்தவரையும் பிரசவ வேதனையுற்ற தாயையும் அத்தொலைவு சைக்கிளில் ஏற்றிச் செல்லுதல் எளிதோ? கார் ஓடவேண்டும், பெற்றோலோ இல்லை. இந்நிலையிலேதான் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இது முற்றிலும் புதிய கருத்தன்று. 1950களிலிருந்து யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்து இறைக்கும் முறையின் இடத்தை நீரிறைக்கும் எந்திரங்கள் சிறிது சிறிதாகப் பெற்றன. அவற்றுட் பல, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் பாய்ச்சிய கமக்காரன் அம்மாற்றத்தின் இரகசியத்தை நன்கு அறிவான். பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆகாது. எந்திரம் சூடேறிய பின்னரே அது ஆவியாகி எரியும். ஆகவே தொடக்கத்துக்கு மட்டுமாவது சில துளி பெற்றோல் வேண்டும்.

அச்சில துளிகளையே மக்கள் பொன்போலப் போற்றினர். சிறு பிளாஸ்ரிக் போத்தலில் அவற்றை அடைத்து, நுனிக் குழாயினால் காபரேற்றரின் வாயிற் பீச்சினர். குழந்தையின் வாயில் வைக்கும் பொருளை நினைந்து அப்போத்தலைச் ‘சூப்பி’ என்று அழைத்தனர். எந்திரம் கிளம்பியதும் சற்றுநேரம் அதனைச் சூடேறவிட்டு, மண்ணெண்ணெய்க்கு மாறுவர். வழியில் எந்திரம் நின்றுபோயின் மீண்டும் சூப்பியை எடுத்தல் வேண்டும். ஆதலின் பயணத்தின் நடுவே எந்திரத்தை நிறுத்தச் சாரதிகள் விரும்பார். எந்திரத்தின் குரல்வளை வழியாக அதற்குப் பெற்றோலைப் பருக்கியே ஒரு சமூகம் தன் நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது எனின் அது மிகையன்று.

இவ்வாறு ஓடியதற்கு எந்திரங்கள் கொடுத்த விலையையும் மறைத்தல் கூடாது. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதாக இடிப்பு உண்டாக்கும். உருளையினுள் கலவை காலமல்லாக் காலத்தில் வெடிப்பதால் எழும் அவ்வொலி எந்திரத்துக்குத் தீங்கானது. அதனைக் குறைப்பதற்குத் தீப்பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளுதல் வேண்டும். அப்பொழுது வலுக் குறையும். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்களின் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயிலினால் உராய்வு மிகும். பிளக்குகளில் கரி படியும். காபரேற்றரின் நுண்துளைகளும் தகடும் பிசுபிசுப்பான படிவினால் மூடுண்ணும். வெண்புகையும் கடுநெடியும் வீதியை நிறைக்கும். எனவே பெற்றோலில் ஓடும்போது மாதக்கணக்கில் தீண்டாதிருந்த காபரேற்றரை இப்போது அடிக்கடி கழற்றிக் கழுவவேண்டியதாயிற்று. குரல்வளையைத் துப்புரவு செய்தல் பருவத்துக்கு ஒருமுறை செய்யும் பணி என்ற நிலை மாறி, பயணத்தின் ஒரு பகுதியே ஆயிற்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். வட்டுக்கோட்டையும் வலிகாமத்தைச் சேர்ந்ததே. பெரும்பாலார் கால்நடையாகவும் சைக்கிளோடும் சென்றனர். ஓடக்கூடிய நிலையிலிருந்த பழைய வாகனங்கள் முதியோரையும் நோயாளரையும் சுமந்தன. அடுத்த ஆண்டில் மக்கள் திரும்பத் தொடங்கினர். 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. ஏப்ரல் மாதத்தில் ஏ-9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வந்தோர், ஐம்பதாண்டு பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வாடகைக் கார்களாக ஓடுவதைக் கண்டு வியந்தனர். அவ்வியப்பில் ஒரு குறையுண்டு. பழமையின்மேல் உள்ள காதலால் அக்கார்கள் காக்கப்பட்டன என்று அவர்கள் எண்ணினர். வேறு வழியின்மையும் கைத்தொழில் அறிவுமே அவற்றைக் காத்தன.

திறந்த பாதையின் வழியே புதுவகைக் கார்களும் வந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் காபரேற்றர் இல்லை. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம், மின்னணுக் கட்டுப்பாட்டினால் பெற்றோலைத் தெளிக்கும் முறையை வொக்ஸ்வாகன் காரிற் பெருமளவில் அறிமுகஞ் செய்தது. 1980களிலும் 1990களிலும் ஜப்பானியக் கார்களில் அம்முறை பரவியது. காற்றை உணர்கருவி அளக்கின்றது. ஒரு சிறு கணினி கணக்கிடுகின்றது. ஊசிவாய் ஒன்று தக்க அளவு பெற்றோலைத் தெளிக்கின்றது. புகை குறைந்தது, எரிபொருள் மிஞ்சியது. ஆயினும் மற்றொன்றும் நிகழ்ந்தது. தொழிலாளி செவியினாலும் கையினாலும் செய்த கணக்கு, திறக்கவியலாத பெட்டியினுள் புகுந்துகொண்டது. பழைய காரை வலுக்குன்றிய பற்றரியோடும் கைப்பிடியினாற் சுழற்றிக் கிளப்பலாம். புதுக் காரின் எரிபொருட் பம்பியும் கணினியும் நல்ல பற்றரியின்றி இயங்கா. பற்றரியே தடை செய்யப்பட்ட நாளில் இத்தகைய கார்கள் மட்டுமே இருந்திருந்தால், பெரியாஸ்பத்திரிக்குச் செல்லும் வழி எத்துணை நீண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

எனினும் காபரேற்றர் மறைந்தபோது அதன் எல்லா உறுப்புகளும் மறைந்துவிடவில்லை. வாட் அமைத்த அத்தகடு நிலைத்தது. அலுமினியக் கூட்டினுள், உருண்டையான காற்றுவாயில் அது இன்றும் திரும்புகின்றது. அக்கூட்டில் அழுக்குச் சேர்வதற்குக் காரணம் யாது? வடிகட்டியைத் தப்பிய நுண்தூசு ஒரு சிறு காரணமே. 1960களில் அமெரிக்காவில் தொடங்கிப் பின் உலகெங்கும் பரவிய ஒரு சுகாதார ஏற்பாடே பெருங்காரணம். எந்திரத்தின் அடியிலே தேங்கும் ஒயில் ஆவியை வெளியே விடாது, மீண்டும் காற்றுவழியிற் செலுத்தி எரித்துவிடுதல் அவ்வேற்பாடு. ஊரின் காற்று தூய்மையாகின்றது. ஆனால் அவ்வாவி குரல்வளையிற் படிந்து, தூசியோடு கலந்து, கரும்பிசினாக இறுகுகின்றது. தகட்டின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே உள்ள மயிரிழை வெளியே அது முதலில் அடைபடும். அதன் பயனாக, கால்மிதியை அழுத்தாது நிற்கும் வேளையில் எந்திரம் தள்ளாடும்; சந்தியிலே கார் நின்றதும் அணைந்துபோகும்; கால்மிதி தொடக்கத்தில் ஒட்டிப் பின் திடுக்கென விடுபடும்.

மருந்து எளிது. எந்திரம் குளிர்ந்திருக்கும்போது, திறப்பை எடுத்துவிட்டு, காற்றுக்குழாயின் பட்டியைத் தளர்த்திக் கழற்றுதல் வேண்டும். இதற்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தைப் பஞ்சற்ற துணியில் நனைத்துக்கொள்ளல் நன்று; நேரே மிகுதியாகப் பீச்சினால் மின்னுணர்கருவிகளுள் அது இறங்கக்கூடும். தகட்டை மெல்லத் திறந்து அதன் இரு புறத்தையும், சுவரில் தகடு வந்து தொடும் வளையத்தையும் துடைத்தல் வேண்டும். கம்பி கொண்டு சுரண்டுதல் தீது. சில காற்றுவாய்களின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு உண்டு. கால்மிதியிலிருந்து கம்பி வடத்தினால் இழுக்கப்படும் பழைய தகட்டை விரலால் அசைக்கலாம். மின்மோட்டார் அசைக்கும் புதுவகைத் தகட்டை விரலால் தள்ளுதல் அதன் பற்சில்லைக் கெடுத்தல் கூடும். குழாயை மீண்டும் காற்றுக் கசியாதவாறு பொருத்தியபின், எந்திரம் முதலிற் சிறிது தடுமாறினால் அஞ்சவேண்டியதில்லை. அழுக்கு அடைத்திருந்த நாளில் கணினி கற்றுக்கொண்ட கணக்கு வேறு. தூய வாய்க்கு உரிய கணக்கைச் சில கார்கள் ஓட்டத்திலேயே கற்கும். சிலவற்றுக்கு அதனை முறைப்படி கற்பித்தல் வேண்டும்.

இதனால் எரிபொருட் செலவு பாதியாகும் என்று கூறுவோர் சொல்லை நம்புதல் வேண்டா. இழந்த ஒழுங்கை மீட்பதே இதன் பயன். ஆயினும் அப்பயனைச் சிறிதென்று தள்ளவும் இயலாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், ஜூன் இறுதியிலிருந்து சில நாட்கள் இன்றியமையாச் சேவைகளுக்கன்றி எரிபொருளே விற்கப்படவில்லை. அதன்பின் வந்த பங்கீட்டு முறையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என அளந்து கொடுத்தனர். கொழும்பிலும் கண்டியிலும் உள்ளோர் அப்போது அறிந்த தட்டுப்பாட்டை, வட்டுக்கோட்டையார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். 1960களில் ஒஸ்ரினுக்கும் மொறிஸுக்கும் நேர்ந்தது, இப்போது இருபது முப்பது ஆண்டு பழைய ஜப்பானியக் கார்களுக்கு நேர்ந்தது. புதியது வாராது, இருப்பதைப் பேணுதல் வேண்டும்.

பேணுதற்குரிய அறிவு நூலில் மட்டும் இருப்பதன்று. சூப்பியைக் கையாண்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்தம் பட்டறைகளிற் பல மூடப்பட்டுவிட்டன. கணினிப் பெட்டியைத் திறக்கும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயின் காற்றுக்குழாயின் பட்டியைக் கழற்றி, உள்ளே நோக்கி, தகட்டில் படிந்த கரி எங்கிருந்து வந்தது என்று வினவுதல் எவர்க்கும் இயலும். ஓர் இளைஞன் அருகிருக்க, முதிய தொழிலாளி ஒருவர் அதனைச் செய்து காட்டுவதற்கு வேண்டியவை ஒரு திருப்புளியும், ஒரு துண்டுத் துணியும், அரைமணி நேரமுமே.